வாழ்க்கைக் குறிப்பில் ‘விவசாயி’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் வந்தாலும் சரி, முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் காலமானாலும் சரி, நாளிதழ்களில் வரும் வாழ்க்கைக் குறிப்பு ஒரே வரியில்தான் தொடங்குகிறது: ‘எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.’ அடுத்த வரியில் அவர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். எத்தனை ஏக்கர், என்ன பயிர், யாருக்கு விற்றார், எப்போது தோட்டத்தை விட்டார் என்பதற்கு அங்கே இடமில்லை. நீலகிரியில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. இங்கே 50 சென்ட் தேயிலை வைத்திருப்பவரும் விவசாயி. மற்றவர்களிடமும் கொழுந்து (பச்சைத் தேயிலை) வாங்கிச் சொந்த பாக்டரியில் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புபவரும் விவசாயி. தேயிலைக்கு நடுவே காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடுபவரும் விவசாயிதான். கொழுந்து விலை ஏறினால் முதலாமவருக்கு வரவு, இரண்டாமவருக்குச் செலவு, மூன்றாமவருக்கு வெறும் செய்தி. மூவரில் யார் நம் வேட்பாளர் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

இதற்காக நிருபர் ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, அலைய வேண்டியதில்லை. வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் நம் நிருபர்கள் மூடி வைத்துவிடுகிறார்கள். புரட்ட வேண்டியது அசையாச் சொத்துப் பகுதியை. அதில் விவசாய நிலம், விவசாயம் அல்லாத நிலம், வணிகக் கட்டடம், குடியிருப்பு என்று நான்கும் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடம், சர்வே எண், பரப்பு, பூர்வீகமா சுயமாக வாங்கியதா, வாங்கியது என்றால் தேதி, அன்றைய விலை, பிறகு போட்ட முதலீடு, இன்றைய மதிப்பு எல்லாம் சொல்லியாக வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லையென்றால் ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். விவசாய நிலத்துக்குக் கொடுத்த சர்வே எண்ணே வணிகக் கட்டடத்திலும் வந்தால், அங்கே தேயிலை எவ்வளவு, அறைகள் எத்தனை என்று கேட்க வழி பிறந்துவிட்டது.

பூர்வீகம் என்று இருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. மலையில் கூட்டுப் பட்டா அதிகம். தாத்தா பெயரில் இருக்கும் 8 ஏக்கரில் அவருடைய பங்கு ஒன்றரை ஏக்கராக இருக்கலாம். மொத்தத்தையும் அவர் தலையில் கட்டி எழுதினால் சிறு விவசாயி பெரிய தோட்டக்காரர் ஆகிவிடுவார்.

வருமானத்தைப் படிப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. பறித்த பச்சைத் தேயிலையை அப்படியே விற்பவருக்கு அது முழுக்க விவசாய வருமானம். வருமான வரி கிடையாது. ஆகவே அதே படிவத்தில் உள்ள கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் தொகை சிறிதாகவோ பூஜ்யமாகவோ இருந்தால், உடனே ‘மறைத்தார்’ என்று முடிவு கட்டக் கூடாது. தானே வளர்த்து, தானே தூளாக்கி விற்பவரின் கதை வேறு. வருமான வரி விதிகளின்படி அந்த வருமானத்தில் 40 சதவீதம் வியாபார வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படும். தொழில் ‘விவசாயம்’, வரிக்கு உட்பட்ட வருமானமோ கனமானது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பாக்டரியோ, பங்குத் தொகையோ, வாடகையோ இருக்கலாம்.

நேரில் பேட்டி எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் ‘விவசாயிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும்’ என்ற வாசகத்தை வாங்கி வருவதில் பயனில்லை. கடைசியாக எந்த வருடம் செடியை வெட்டிக் கவாத்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டியாக வேண்டும்; வெட்டினால் சில மாதம் அந்தப் பகுதியில் கொழுந்து கிடையாது. அந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய தோட்டம் தெரியும். மழைக்காலத்தில் எடை போடும் இடத்தில் ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், கொப்புள நோய்க்கு என்ன மருந்து அடித்தார், பத்துப் பதினைந்து நாளில் வர வேண்டிய பறிப்பு ரவுண்டு ஆள் கிடைக்காமல் இருபது நாளுக்குத் தள்ளிப் போனால் இலை முற்றி விலை எவ்வளவு குறைகிறது என்றும் கேட்கலாம். தோட்டத்தில் நிற்பவர் இதற்கெல்லாம் யோசிக்க மாட்டார்.

விலை பற்றிய வாக்குறுதியையும் கணக்குப் போட்டு எழுதுங்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து வேண்டும். கொழுந்துக்கு 40 ரூபாய் வாங்கித் தருவேன் என்றால், இலைக்கு மட்டும் 180 ரூபாய். விறகு, கரண்ட், கூலி எல்லாம் அதற்கு மேல். ஏலத்தில் தூள் அந்த விலைக்குப் போகாவிட்டால் மிச்சத்தை யார் போடுவது என்பதை வேட்பாளர் சொல்ல வேண்டும். சிறு விவசாயிக்கு மாதாமாதம் விலை அறிவிப்பது தேயிலை வாரியம். அது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. எம்.எல்.ஏ. வேட்பாளர் மேடையில் விலையை நிர்ணயிப்பது, ஊட்டி தாலுகா ஆபீஸில் பாஸ்போர்ட் கேட்பது போலத்தான்.

சட்டமன்றத்தில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் எந்தக் கதவு என்று தெரிய வேண்டும். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் தலைமை இணையமான இன்ட்கோசர்வ் வேளாண் துறையில் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையில் இருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வனத்துறையின் கீழ் வருகிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் மட்டுமே தோட்டக்கலை, அதாவது வேளாண் துறை. வேளாண் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து நின்று கொழுந்துக் கூட்டுறவைப் பற்றி உருக்கமாகப் பேசினால், பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் வேறொருவர். ஐந்து ஆண்டு இருந்தவரின் அவைக்குறிப்பை எடுத்து, எந்தத் துறையின் விவாதத்தில் எதைக் கேட்டார் என்று பார்த்தால், ஒரு பக்கப் புகழுரையைவிட அதிகம் தெரியும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ஹட்டிக்கு நடைபாதை போடுவேன் என்பது சுலபமாகத் தோன்றும். பாதை பட்டா நிலத்தில் போனால் உரிமையாளர் அதை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும். பெங்களூரில் இருக்கும் ஒரு தம்பி கையெழுத்துப் போடவில்லை என்றால் வேலை அங்கேயே நிற்கும். வன நிலத்தில் போனால், வன உரிமைச் சட்டம் 2006-இன் 3(2) பிரிவில் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல், கிராம சபை பரிந்துரையோடு கேட்கலாம். கூடலூர் பக்கம் ஜன்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17 நிலம், அதாவது உரிமை இன்னும் முடிவாகாத நிலம் என்றால் சிக்கல் இன்னொரு சுற்று கூடும். ‘நிதி ஒதுக்கினார்’ என்று எழுதுவதற்கும் ‘பாதை போட்டார்’ என்று எழுதுவதற்கும் நடுவில் இத்தனையும் இருக்கிறது.

அரசியல் ஏணி எங்கிருந்து தொடங்குகிறது என்பதிலும் பத்திரிகைகள் தடுமாறுகின்றன. இந்த மாவட்டத்தில் கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று மூன்றும் இருக்கின்றன. கேத்தியிலோ ஜெகதளாவிலோ தேயிலை வைத்திருப்பவர் ஊராட்சித் தலைவர் ஆக முடியாது, அவை பேரூராட்சிகள். அங்கே தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். ‘ஊராட்சித் தலைவராக இருந்தார்’ என்பதும் ‘பேரூராட்சித் தலைவராக இருந்தார்’ என்பதும் ஒரே உழைப்பில் வந்தவை அல்ல. மேலே போனால் கூடலூர் சட்டமன்றத் தொகுதியும், 2009 முதல் நீலகிரி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதிகள். ஆக, பட்டியல் சாதியில் வராத ஒரு படுகர் விவசாயிக்கு மாவட்டத்துக்குள் எஞ்சியிருப்பவை உதகையும் குன்னூரும். ‘ஏன் எம்.பி.க்கு நிற்கவில்லை’ என்று அவரிடம் கேள்வி கேட்டு அச்சிட்டால் படிப்பவர்கள் சிரிப்பார்கள்.

பிறப்பை வைத்து எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு உபதலை எச்.பி. ஆரி கவுடரே உதாரணம். 1893-இல் பிறந்தவர், படுகரில் முதல் பட்டதாரி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர். தந்தை பெள்ளி கவுடர் மலை ரயில் பாதைப் பணியில் ஒப்பந்ததாரர். ‘எளிய விவசாயக் குடும்பம்’ என்ற வரி அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நீண்ட காலம் தலைமையேற்று நடத்தியவர் அவர். காய்கறி மண்டியில் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியவர் விளைச்சலை அதே மண்டிக்குத்தான் இறக்க வேண்டும். கடன் கொடுத்தவரே எடை போட்டு, அவரே கழித்து, அவரே விலை சொல்வார். அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்றால் உரமும் கடனும் ஒரு இடத்தில் கிடைக்க வேண்டும், மூட்டை எல்லார் கண்முன்னும் ஏலம் போக வேண்டும். சங்கம் அதற்காகத்தான். அவரை விவசாயிகளின் தலைவர் என்று எழுத அது போதும்.

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி குறைந்தது 14 நாள் இருக்கும். பிரமாணப் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பட்டா விவரம் பார்க்கவும், தோட்டம் வரை நடந்து போய் ஒரு படம் எடுத்து வரவும் ஒரு நிருபருக்கு அது தாராளம்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயிகள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.