உங்கள் குரல் உங்கள் கையில்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஒலிக்கூடத்திலிருந்து சென்ற மாதம் அனுப்பிய புதிய கட்டணத் தாளைப் பார்த்துவிட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தீர்கள். சிலர் நேரிலேயே வந்துவிட்டீர்கள். "முன்பு ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் இருந்தது. இப்போது எதற்கு இத்தனை வரிகள்?" என்று கேட்டீர்கள். "கோயில் நிகழ்ச்சியை நிறுத்திவிடப் போகிறீர்களா, டீச்சர்?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். வாசலில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கோயில் பாட்காஸ்ட், அதாவது செல்பேசியில் வேண்டும்போது கேட்கும் ஒலி நிகழ்ச்சி, நிற்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 20 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியும் மூடியிருந்தது, கோயிலும் மூடியிருந்தது. ஏப்ரலில் வருஷப் பிறப்பு வந்தது. வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பெற்றோர்கள், "தட்டில் என்னென்ன வைக்க வேண்டும்? பிள்ளை ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் கேட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே முறை பேசிவிடலாம் என்று எட்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். விளக்கம் கிரியோலில், சொற்கள் தமிழில், ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை நிறுத்தி நிதானமாக. அது வீடு வீடாகப் போயிற்று. அடுத்த தைப்பூசத்துக்குள் கொடியேற்றம், காப்பு, பால்குடம், அலகு என்று சொல்லுக்கு ஒரு நிகழ்ச்சி சேர்ந்துவிட்டது.

தைப்பூசக் காவடி நம் நாட்டில் பொது விடுமுறை. ஊர்வலத்தை எல்லா இனத்தவரும் சாலையோரம் நின்று பார்க்கிறார்கள். ஆனால் பத்து நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் கையில் ஏன் காப்புக் கட்டினார்கள் என்று சொல்ல வருவதில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் எங்கள் பாட்காஸ்ட். வேறு யாரையும் மனத்தில் வைத்து நாங்கள் பேசியதில்லை. ஒரு நிகழ்ச்சியை நானூறு பேர் கேட்டால் அது எங்களுக்கு மிகப் பெரிய கூட்டம்.

நானூறு பேரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்று எனக்கும் கவலை இருந்தது. பாட்காஸ்ட் விளம்பரத்துக்கு ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் மைக் வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தேறாது. வழி வேறு பக்கமிருந்து திறந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களே வந்து, "எங்களுக்கும் இப்படி ஒன்று செய்து கொடுங்கள்" என்றார்கள்.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா ஒருவர். மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். திருவிழா முடிந்து வாழை இலையில் ஏழு கறியோடு உட்காருகிறவர்களிடம், எதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், சோற்றை எங்கே குறைக்கலாம், பாயசத்தை எப்படிக் கையாளலாம் என்று அவர் பேச விரும்பினார். அவருக்குப் பத்தாயிரம் பேர் வேண்டியதில்லை. தன்னிடம் வந்து விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டு போன அந்த முகங்கள் போதும். இன்று அவர் பேசியதைக் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டோடு மருத்துவரிடம் போய்ச் சரியான கேள்வி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் இது ஒரு தொழிலாகும் என்று நம்பினேன்.

பிறகு காய்கறி பயிரிடுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று வந்தது. பிறகு குடும்பங்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் கொள்ளுப்பாட்டனாரின் பதிவைத் தேடி எடுத்து, அந்தத் தாளோடு எங்கள் மேசைக்கு வருகிறார்கள். குடியேறி வந்தபோது எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அதில் இருக்கும். இன்றைக்கும் குடும்பப் பெயர் அந்த எழுத்திலேயே நிற்கிறது. நாங்கள் அதைத் திருத்துவதில்லை. குடும்பம் எப்படி எழுதுகிறதோ அப்படியே நிகழ்ச்சிக் குறிப்பில் போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதுகிறோம். பாட்டி அந்தப் பெயரை எப்படி உச்சரிக்கிறார் என்பதை மட்டும் தவறாமல் பதிவு செய்துவிடுகிறோம். எந்தத் தாளிலும் இல்லாத சான்று அது.

புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: யாருக்காக? இதற்குப் பதில் வராமல் மைக்கைத் திறப்பதில்லை. சிலருக்கு இது அலுப்பாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கோயில் குழுவினர், "நம் இளைஞர்கள் எல்லோருக்கும்" என்றார்கள். மூன்று முறை சந்தித்துப் பேசினோம். யார் உங்களிடம் அடிக்கடி வந்து கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லச் சொன்னேன். கடைசியில் தெரிந்தது: முதல் முறை பால்குடம் எடுக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். ஆகவே ஐந்து நிகழ்ச்சிகள் செய்தோம். விரத நாட்களில் இரண்டு நாளைக்கு ஒன்று, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல், மாலைச் சமையல் நேரத்தில் வெளிவரும்படி. நான்காவது நிகழ்ச்சி முழுவதும் குழந்தைக்குக் காலில் சூடு தாங்காவிட்டால் என்ன செய்வது என்பது பற்றி. அந்தக் கோயிலில் அந்த ஆண்டு அதைக் கேட்காத தாய் இல்லை என்று அங்கே பூ கட்டும் அம்மா சொன்னார். எங்களுக்கு வேறு என்ன கணக்கு வேண்டும்?

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன்.

ஒரு பாட்டியின் வீட்டில் பதிவு என்றால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். போனதும் மின்விசிறியை நிறுத்துகிறோம். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்குகிறோம். அந்த உறுமல் காதுக்குப் பழகிவிட்டதால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை, மைக்குக்குத் தெரியும். பிடுங்கியதும் என் தம்பி மகன் தன் கார் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுவான். சாவி இல்லாமல் வீடு திரும்ப முடியாது, ஆகவே மறுபடி இணைக்க மறக்க முடியாது. மேசை மேல் ஒரு தடித்த துண்டு விரிக்கிறோம். பாட்டி பேசும்போது கையை ஊன்றினால் வளையல் இடிக்கும். வளையலைக் கழற்றச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் நிற்கும்வரை காத்திருக்கிறோம். அந்த நேரத்தில்தான் நல்ல கதைகள் வரும் என்பதும் உண்மை, ஆகவே அப்போதும் மைக் திறந்தே இருக்கும்.

இது ஒரு மணி நேரம். இதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. முழுவதையும் ஒரு முறை வெட்டாமல் கேட்க வேண்டும். பிறகு வெட்ட வேண்டும், ஆனால் மூச்சை வெட்டக் கூடாது. ஒரு சொல்லைத் தேடி அவர் நிறுத்திய நிறுத்தத்தை எடுத்துவிட்டால் பேசியவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். ஒலியளவைச் சீராக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). அதை ஒட்டி வைத்தால்தான் பஸ்ஸில் கேட்கிறவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாதஸ்வரமும் தவிலும் உள்ள பதிவானால் இது தனிப் பாடு. பிறகு பேசியதை எழுத்தில் பெயர்த்தல், குறிப்பு எழுதுதல், வெளியிடுதல்.

மூன்று மாதம் நேரக் கணக்கு எழுதிவைத்தோம். அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேர உழைப்பு போயிருந்தது. நாங்கள் வாங்கியது ஒரு மணி நேரத்துக்கு. மீதி ஆறு மணி நேரம் எங்கள் தூக்கத்திலிருந்து வந்தது. இரவு இரண்டு மணிக்கு வெட்டிய ஒரு நிகழ்ச்சியில் குருக்கள் ஐயாவின் பெயர் மாறிப் போய்விட்டது. அந்தக் கோயிலுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரமே கட்டணத்தை மாற்றத் தீர்மானித்தோம்.

புதிய தாளில் பதிவு, வெட்டிச் சீராக்கல், எழுத்தில் பெயர்த்தல், வெளியீடு என்று பிரித்திருப்பது உங்களிடம் அதிகம் வாங்குவதற்காக அல்ல. எந்த வேலையை நீங்களே செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள், அந்த வரிக்குப் பணம் தர வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தார் பதிவைத் தாங்களே செய்கிறார்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைக்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது அவர்களுக்கு முன்பைவிடக் குறைவாகவே ஆகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை, நான் இன்னும் டீச்சர்தான்.

தாளில் "மூலப் பதிவு, மூன்று பிரதிகள்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் பலர் தேவையில்லை என்று அடித்துக் கொடுக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

2023இல் ஒரு குடும்பத்துக்காக அவர்கள் பாட்டியின் தாலாட்டுகளைப் பதிவு செய்தோம். பதினொரு பாட்டு. ஒரு சிறிய நினைவகத்தில் (பென் டிரைவ்) போட்டுக் கொடுத்தோம். எங்கள் கணினியில் இடம் போதவில்லை என்று இரண்டு மாதம் கழித்து எங்கள் பிரதியை அழித்துவிட்டோம். அவர்களிடம்தான் இருக்கிறதே என்று நினைத்தோம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அந்த நினைவகம் அங்கே அவர்கள் கடை மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் அதைக் காய வைத்து எடுத்துவந்தார்கள். சேறு அதன் இணைப்பு முனைக்குள் போயிருந்தது. எதுவும் திறக்கவில்லை. பாட்டி அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு நிமிடம் மட்டும் மிஞ்சியது. சொற்கள் கேட்கின்றன. வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் இழுத்த மூச்சு இல்லை. ஒலியைச் சுருக்கியபோது அது நசுங்கிப் போயிற்று.

அந்தக் குடும்பம் எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் தவறு எங்களுடையது. சுருக்காத ஒற்றைத்தட (மோனோ) மூலப் பதிவு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற ஒலித் தரத்தில் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 500 மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். கேட்பதற்கு வெளியிடும் கோப்பு 30 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். இடத்தை மிச்சப்படுத்த நாங்கள் அழித்தது எது என்று இப்போது தெரிகிறது. இனி ஒவ்வொரு பதிவும் உங்களிடம் ஒன்று, எங்கள் அலமாரியில் ஒன்று, தீவுக்கு வெளியே உள்ள சேமிப்பில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை திறந்து கேட்டுப் பார்க்கிறோம். அந்த வரியின் கட்டணம் இதற்குத்தான்.

இன்னொரு மாற்றம், ஓடை முகவரி. தொழிலில் ஃபீட் என்பார்கள். பாட்காஸ்ட் எந்த ஒரு செயலிக்கும் சொந்தமானதல்ல. உங்கள் நிகழ்ச்சிகளின் பட்டியலைத் தாங்கிய ஒரு முகவரி இருக்கிறது, செயலிகள் எல்லாம் அங்கே வந்து எடுத்துக்கொண்டு போகின்றன. 2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது அதில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள், நிகழ்ச்சிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. முகவரி யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதுவரை உங்கள் ஓடைகளை எங்கள் கணக்கிலேயே வைத்திருந்தோம். வசதிக்காகச் செய்தது, ஆனால் சரியல்ல. வரும் தை மாதத்துக்குள் ஒவ்வொன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிக் கடவுச்சொல்லைக் கையில் தருகிறோம். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழி திருப்பிவிடுவதால் கேட்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நாளை எங்களை விட்டு வேறொருவரிடம் போக விரும்பினாலும் எங்கள் அனுமதி தேவைப்படாது.

ஒரு செய்தி, பணம் கொடுக்கும் பிள்ளைகளுக்கு. பெற்றோர் பேசியதில் ஒரு பகுதியை வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நாங்கள் எடுத்துவிடுவோம். நீங்கள் வைக்கச் சொன்னாலும் வைக்க மாட்டோம். 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓர் அம்மா தன் திருமணத்துக்கு முந்திய ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "அதை எடுத்துவிடு கண்ணு" என்றார். குரல் அவருடையது. எடுத்துவிட்டேன்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்கும்படி கேட்க வேண்டாம். அதன் உரிமை நம்மிடம் இல்லை.

கட்டணத் தாளில் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், வரி வரியாகப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு முன் பதிவு வேண்டுகிறவர்கள் கார்த்திகைக்குள் சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு நான்கு குடும்பங்களுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் கடை திறக்காது, உங்கள் நாளைக் கூடுதல் கட்டணமில்லாமல் மாற்றித் தருவோம். பழைய பதிவுகளின் பிரதிகளைப் பெயர் எழுதிய உறைகளில் போட்டு வைத்திருக்கிறோம். வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கியதும் வீட்டில் மேல் தட்டில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சரும் ஒலிக்கூடத்தாரும்