‘ஓன்லி’ என்றால் ‘மட்டும்’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் ‘ஓன்லி’ என்ற வினையடைக்கு ‘மட்டும்’ என்று ஒரே பொருள் தந்து முடித்துவிட்டார்கள். அதை நம்பி ‘ஹி கேம் ஓன்லி யெஸ்டர்டே’ என்பதை ‘அவர் நேற்று மட்டும் வந்தார்’ என்று எழுதினால், மற்ற நாள்களில் வரவில்லை என்றாகிவிடும். ‘நேற்றுதான் வந்தார்’ என்பதே சரி. வந்து அதிக நேரமாகவில்லை என்பதுதான் அங்கே சேதி. ‘இட் இஸ் ஓன்லி ஃபோர்’ என்றாலும் அப்படித்தான்: மணி நாலுதான் ஆகிறது. நேரம், வயது, அளவு இவற்றோடு வரும் ‘ஓன்லி’க்குப் பெரும்பாலும் ‘தான்’ பொருந்தும். ஆள், பொருள், இடம் என்றால் ‘மட்டும்’.

அடுத்தது, அது நிற்கும் இடம். தமிழில் ‘மட்டும்’ தனக்குரிய சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், குழப்பம் குறைவு. ஆங்கிலத்தில் ‘ஓன்லி’ வாக்கியத்துக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ‘ஐ லென்ட் ஹிம் த புக்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ’க்கு முன்னால் வைத்தால், கொடுத்தது நான் மட்டுமே. ‘ஹிம்’முக்கு முன்னால் என்றால், அவனுக்கு மட்டும். ‘த புக்’குக்கு முன்னால் என்றால், புத்தகத்தை மட்டும். ‘லென்ட்’டுக்கு முன்னால் வைத்தால்தான் சிக்கல்: இரவலாகத்தான் கொடுத்தேன், சொந்தமாக அல்ல என்றும் கொள்ளலாம், அவனுக்கு மட்டும், புத்தகம் மட்டும் என்றும் கொள்ளலாம். பேச்சில் எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அது பொருளைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்த அழுத்தம் கிடையாது. அதற்காக எல்லா இடத்திலும் கறாராக இருக்க வேண்டியதில்லை. பொருள் மயங்காத வாக்கியத்தில் வினைக்கு முன்னால் வரும் ‘ஓன்லி’யைப் பிழை என்று திருத்துவது வீண் வேலை என்று ஆங்கில அகராதி ஆசிரியர் ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட சொற்பயன்பாட்டு அகராதியிலேயே வாதாடியிருக்கிறார். ஒப்பந்தம், விதிமுறை, மருந்துக் குறிப்பு போன்றவற்றில் மட்டும் உரிய சொல்லுக்கு ஒட்டியே வைப்பது நல்லது.

நாம் அதிகம் தவறுவது எதிர்த்திசையில். ‘அவர்தான் சொன்னார்’ என்பதை மனத்தில் வைத்து ‘ஹி ஓன்லி டோல்ட் மீ’ என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது ‘என்னிடம் மட்டும் சொன்னார்’ என்றோ ‘சொன்னதோடு சரி’ என்றோ விழும். நம் ‘தான்’ இரண்டு வேலை செய்கிறது: ஒன்று வரம்பு கட்டுவது, மற்றது ஆளை அடையாளம் காட்டுவது. ‘ஓன்லி’க்கு முதல் வேலைதான் உண்டு. இரண்டாவதற்கு ‘இட் வாஸ் ஹி ஹூ டோல்ட் மீ’ என்று வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

‘ஓன்லி இஃப்’, ‘இஃப் ஓன்லி’ இரண்டையும் அப்பகுதி தொடவே இல்லை. முன்னது நிபந்தனை: சீட்டு இருந்தால் மட்டுமே அனுமதி. சீட்டு வைத்திருப்போர் எல்லாரையும் விட்டுவிடுவோம் என்ற உறுதி அதில் இல்லை. பின்னது ஏக்கம்: ‘இஃப் ஓன்லி ஐ நியூ’, எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா! ‘ஓன்லி ஆஃப்டர்’ என்று வாக்கியம் தொடங்கினால் பின்னால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்தாக வேண்டும்: ‘ஓன்லி ஆஃப்டர் த மீட்டிங் டிட் ஹி ஸ்பீக்’. தேர்வுத் தாள்களில் இந்த ‘டிட்’ அடிக்கடி விட்டுப்போகும்.

சொல்லின் பிறப்பும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று, ‘லிக்’ என்றால் உடல், உருவம். இரண்டும் சேர்ந்து ‘ஒன்றேயான’, ‘நிகரற்ற’ என்ற பொருளில் உரிச்சொல்லாக வழங்கியது. அந்த ‘லிக்’தான் தேய்ந்து இன்று எண்ணற்ற வினையடைகளின் ஈற்றில் ‘லி’யாக நிற்கிறது. எண்ணைக் குறிக்கும் சொல் இங்கிலாந்தின் மேற்குப் பகுதி வழக்கைப் பின்பற்றி ‘வன்’ என்று மாறிவிட்டது. ‘ஓன்லி’, ‘அலோன்’ (தனியாக), ‘அட்டோன்’ (பரிகாரம் தேடு) மூன்றும் அந்த ‘வ’கரத்தை ஏற்கவில்லை. எனவே ‘ஒன்லி’ என்று குறிலில் அச்சிடுவதைவிட ‘ஓன்லி’ என்று நெடிலில் அச்சிடுவதே ஒலிப்புக்கு நெருக்கம்.

அடுத்த பகுதியில் ‘ஓன்லி டூ கிளாட்’ என்பதையும் சேர்த்தால் நல்லது. அங்கே ‘மட்டும்’ எதுவுமில்லை, ‘மிகவும் மகிழ்ச்சி’ என்றே பொருள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்