வயலின் உறுமலுக்கு அரை கிராம் பித்தளை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையில் மாட்டி நாள்கணக்கில் அதிரவிட்டால் வயலினின் நாதம் கூடும் என்று ஒரு மின்கருவி விற்கிறார்கள். அதை வாங்கலாமா, இங்கேயே ஒன்று செய்துவிடலாமா என்று மொரீசியஸ் இசை வகுப்புகளில் பேச்சு அடிபடுகிறது. கிட்டார்களை வைத்து நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், அதிரவிட்டதையும் விடாததையும் வாசித்தவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் அந்தச் செலவில் இறங்க வேண்டாம்.

உண்மையில் தீர்க்கக்கூடிய குறை ஒன்று இருக்கிறது. கனத்த தந்தியில் மேலே ஏறும்போது ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வில் பிடிக்காமல் நாதம் விட்டுவிட்டு உறுமும். வயலின் கூட்டின் இயல்பான அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்றிவிடுவதால், தந்தியின் அதிர்வைக் கூடு உறிஞ்சிக்கொள்கிறது. பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். பிள்ளையின் விரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் ஓரத்தைச் சுற்றிலும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். க்யூர்பிப் ஊரின் ஈரத்தில் பசை விட்டுப் பலகை பிரிந்திருந்தால் அந்த இடம் சலசலக்கும். அதற்குப் பட்டறைதான் வழி. பலகை சரியாக இருந்தால், உறுமும் சுரத்தைக் கைப்பேசியின் சுருதிச் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குதிரைக்கும், தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கும் இடையே தந்தியின் சிறு துண்டு இருக்கிறதே, ஏறக்குறைய 55 மில்லிமீட்டர், வேலை அங்கேதான். அதில் சிறு எடை மாட்டி, உறுமும் சுரத்திலேயே அந்தத் துண்டும் அதிரும்படி செய்தால் உறுமல் அடங்கும். மிகக் கனத்த தந்தியின் அந்தத் துண்டின் நடுவில், போஸ்டர் ஒட்டும் பசைக்களிம்பை 0.3 கிராம் உருட்டி ஒட்டி, துண்டை விரலால் மீட்டுங்கள். உறுமும் சுரமே அதிலும் கேட்க வேண்டும். சுருதி கூடினால் களிம்பைக் கூட்டுங்கள். இறங்கினால் கிள்ளி எடுங்கள். நாம் தந்தியை மேற்கத்திய சுருதியைவிடத் தளர்த்திக் கட்டுவதால், கடையில் இதற்கென்று கிடைக்கும் எடை நமக்கு அதிகமாகவே இருக்கும்.

அளவு தெரிந்ததும் பித்தளைக்கு மாறலாம். வெளிவிட்டம் 5, உள்விட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 5 மில்லிமீட்டர் வெட்டினால் சுமார் 0.3 கிராம். உள்ளே சிலிகோன் குழாய்த் துண்டைச் செருகுங்கள்; அதன் எடையையும் கணக்கில் சேருங்கள். ரப்பரோ சிலிகோனோ இல்லாமல் உலோகம் தந்தியைத் தொட்டால் ரீங்காரம் போட்டுக் காதை அறுக்கும். பிரடையிலிருந்து (தந்தியை முறுக்கும் ஆணி) அந்த ஒரு தந்தியை மட்டும் கழற்றிக் கோத்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை சாயலாம், உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட்டும் விழலாம். மாட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினால் துண்டின் சுருதி ஏறும்; மயிரிழை சரிசெய்ய இது உதவும். எடை மிஞ்சினால் உறுமல் பக்கத்துச் சுரத்துக்குத் தாவும், நாதமும் மங்கும்.

வீணைக்கு இது வேண்டாம். வில் இல்லாததால் உறுமல் நிலைக்காது. போர்ட் லூயி வெயிலில் காருக்குள் வைத்து மெழுகு இளகி மெட்டு (விரல் வைக்கும் உலோகக் கட்டை) நகர்ந்த வீணைக்கோ மேளம் மறுபடி கட்டுவதை, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பொருத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கண்டுபிடிக்க ஆசையுள்ள இளைஞர்கள் இதில் கைவைக்கலாம். தந்தியைக் கழற்றாமலே மாட்டக்கூடிய, திருகி எடையை நகர்த்தக்கூடிய ஒரு கவ்வி, மொத்தமும் அரை கிராமுக்குள் அடங்க வேண்டும். அலுமினியத்தில் முயன்று பார்க்கலாம். செய்து முடித்தவர்கள் அளவுகளை இதே பக்கத்தில் எழுதினால் எல்லா வகுப்புகளுக்கும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
தந்தி வாத்தியம் பழுதுபார்ப்போர்,
ரோஸ் ஹில்