கேக் குறிப்புகளில் கிராம் கணக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தாலே உங்கள் இணைப்பிதழில் கேக் குறிப்புகள் வருகின்றன, என் மகனும் மகளும் அதை வெட்டி வைத்துக்கொண்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போகிறார்கள், அதற்கு நன்றி. ஒரு வேண்டுகோள். 'ஒரு கப் மைதா' என்று மட்டும் போடாமல் கிராமிலும் போடுங்கள். சலித்துத் தளர்வாக அள்ளினால் ஒரு கப் சுமார் 120 கிராம் வரும், அதே கப்பில் அமுக்கி அள்ளினால் 150-ஐத் தொட்டுவிடும், கேக் வறண்டு போகும். பின்னம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் பையன், தராசில் மாவைக் கொட்டிக் கொட்டி எடுத்து "இன்னும் பத்து கிராம்மா" என்று கணக்குப் போடுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம், எங்கள் தெருவில் ஓவன் இல்லாத வீடுகள்தான் அதிகம். குக்கரில் செய்யச் சொல்லும்போது கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றாமல் அடியில் உப்பைப் பரப்பிச் சூடாக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் போடுங்கள். பிள்ளைகள் மேலிருந்து படித்துக்கொண்டே செய்கிறவர்கள், கடைசியில் இருக்கும் எச்சரிக்கை அவர்கள் கண்ணில் படுவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். குக்கரைத் திறப்பது பெரியவர்கள் வேலை என்றும் எழுதுங்கள். படத்தில் எப்போதும் அம்மாவும் மகளுமே நிற்கிறார்கள், ஒரு தடவை மகனையும் நிற்க வையுங்கள்.

- ஒரு வாசகி, மதுரை