அளந்து பார்க்காமல் மாற்றிய செல்ஃப் மோட்டார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
கார் விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிறுவனம்,
காரைக்குடி.

பொருள்: கார் ஸ்டார்ட் ஆகாத கோளாறுக்குக் காரணம் கண்டறியாமல் பேட்டரியையும் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றியது, கோளாறு தங்கள் ஊழியர் செய்த வயரிங்கிலேயே இருந்தது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

மூன்றரை ஆண்டுகளுக்கு முன் தங்களிடம் வாங்கிய சிறிய பெட்ரோல் காரைப் பற்றி இந்தக் கடிதம். தொலைபேசியில் நான்கு முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொரு குரல், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. ஆகவே முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

சென்ற ஜூலைக் கடைசியில் வழக்கமான சர்வீசுக்குக் காரை விட்டபோது, முன்கண்ணாடியில் ஒரு கேமரா பொருத்திக்கொள்ளும்படி தங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்னார். நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலும் அது காவல் காக்குமாம். எங்கள் வீட்டின் பின்கட்டை ஒட்டிய வண்டிக்கொட்டகையில் காவல் காக்க வேண்டியது எதுவும் இல்லை, எதிர்வீட்டுப் பூனையைத் தவிர. ஆனாலும் சரி என்றேன். பொருத்துக்கூலி 700 சேர்த்து 6,850 ரூபாய். ரசீது இருக்கிறது.

அடுத்த இரண்டு வாரமும் சென்னையிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் தினமும் காரை எடுத்தான். ஒரு குறையும் இல்லை. அவன் ஒரு திங்கள்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பினான். வியாழக்கிழமை காலை 6 மணிக்கு என் ஆத்தாவைக் கண் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப்போக வேண்டும். அவருக்கு வயது 84. அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு வந்து சாவியைத் திருகினேன். டக்டக்டக்கென்று பல்லி கத்துவதுபோல விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் சுழலவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்னோட்டம் நடத்தியவள் நான். மெக்கானிக் அல்ல. அன்று காலை நான் செய்தவற்றைச் சொல்கிறேன். தங்கள் பணிமனையில் செய்யாதவை எவை என்பது அதிலிருந்து தெரியும்.

முதலில் முன்விளக்கைப் போட்டேன். அகல்விளக்குபோல எரிந்தது. விளக்கு எரிய எரியச் சாவியைத் திருகினேன், அணைந்தே போயிற்று. செல்ஃப் மோட்டாரில் கோளாறு என்றால் பெரும்பாலும் விளக்கு மங்காமல் நிற்கும், ஒரே ஒரு 'டக்' கேட்கும். விளக்கு படுத்துவிட்டால் சந்தேகம் பேட்டரிப் பக்கமும் அதன் இணைப்புகளின் பக்கமும் போக வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பிடிக்காவிட்டால் அது வேறு கதை. பெட்ரோல், தீப்பொறி, சென்சார் என்று தேட வேண்டும். அதை நான் தொடவே மாட்டேன்.

பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையில், அதாவது டெர்மினலில், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, பிறகு பிளஸ் கேபிளைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்துக் கழுவித் துடைத்து, கேபிள்களை மாட்டி இறுக்கினேன். மாற்றமில்லை. வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன்: 11.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனால் அதில் சரக்கு இல்லை என்று பொருள்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் காரைக் கொண்டுவரச் சொல்லி ஜம்பர் கேபிள் போட்டோம். சிவப்பு முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை அவர் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு அவர் பேட்டரியின் மைனஸ்ஸில், அதன் மறுமுனை என் எஞ்சினின் வர்ணமில்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. முதல் திருகிலேயே ஓடிற்று. ஓடும்போது அளந்தேன்: 14.1 வோல்ட். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது என்று கொள்ளலாம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார் ஓடத்தான் செய்தது. ஆனால் திருப்பத்தூரைத் தாண்டி எங்காவது அணைத்துவிட்டு மறுபடி எடுக்க முடியாமல் போனால், 84 வயதுக்காரரை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நான் என்ன செய்வேன்? டாக்சி வைத்துக்கொண்டு போனோம். 3,800 ரூபாய்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை ஒன்று உண்டு. விளக்கு, டெர்மினல், வோல்ட், ஜம்பர் கேபிள், இவ்வளவுதான் என் வேலை. பெட்ரோல் வாடை வந்தாலும், வயர் கருகும் நாற்றம் வந்தாலும், பேட்டரி உப்பியிருந்தாலும், சாவிப் படம் போட்ட திருட்டுத் தடுப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். ஓடாத எஞ்சினைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றிச் செல்ஃப் மோட்டாரைச் சூடேற்றக் கூடாது. பேட்டரி ஏன் இறங்கியது என்று தெரியாதபோதும் தெரிந்தவரிடம் போய்விட வேண்டும். ஆகவே மறுநாளே தங்களிடம் வந்தேன்.

தங்கள் கவுண்டரில் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டிருக்கலாம். கடைசியாக எத்தனை நாள் நிறுத்தி வைத்திருந்தீர்கள்? அண்மையில் புதிதாக ஏதாவது பொருத்தினீர்களா? இரண்டையும் கேட்கவில்லை. இரண்டாவதற்கு விடை தங்கள் கணினியிலேயே இருந்தது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். மூன்றரை ஆண்டு ஆகியிருந்ததால் நம்பினேன். 5,400 ரூபாய். பழைய பேட்டரியைச் சோதித்த தாள் கேட்டேன், இல்லை என்றார்கள். காரைக்குடியில் எந்தப் பேட்டரிக் கடையிலும் பழையதைக் கொடுத்தால் அதற்கொரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் பில் போடுவார்கள். தங்கள் பில்லில் அப்படி ஒரு வரியே இல்லை.

அந்த வாரமெல்லாம் ஆத்தாவின் சொட்டு மருந்துக்கும் மறுபரிசோதனைக்குமாகக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மூன்று இரவு கொட்டகையில் நின்றது. மறுபடி அதே டக்டக்டக்.

இந்த முறை தாங்கள் அனுப்பிய இளைஞர் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே "செல்ஃப் போய்விட்டது, ஆச்சி" என்றார். விளக்கு மங்குகிறதே என்று காட்டினேன். பணிமனையில் பார்ப்பார்கள் என்றார். பணிமனையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தோம், பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை, ஆகவே செல்ஃப்தான் என்றார் அட்வைசர். இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து கோத்த வயர் ஒன்று ராத்திரி முழுக்க மின்சாரம் குடிப்பதை அந்தக் கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லும்? வகுப்பில் ஒரு மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால், 'காரணம் கூறுக' என்று சிவப்பு மையால் சுழித்திருப்பேன். மோட்டார் 9,200, கூலி 1,450. மொத்தம் 10,650 ரூபாய்.

மூன்றாம் முறை இரண்டு இரவிலேயே படுத்துவிட்டது. இப்போது எஸ்டிமேட் 14,500 ரூபாய்க்கு வந்தது, டைனமோ மாற்ற வேண்டுமாம். 14.1 வோல்ட் காட்டுகிற டைனமோவை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அட்வைசர் சற்று யோசித்துவிட்டு, "உங்களுடையது பழைய வீடு இல்லையா ஆச்சி, எலி வயரைக் கடித்திருக்கும்" என்றார். எங்கள் வீடு பழைய வீடுதான், மறுக்கவில்லை. முகப்பும் வளவும் தேக்குத் தூண்களும் இருக்கிற வீட்டில் எலியும் இருக்கலாம். எலி கடித்த ஒரே ஒரு வயரைக் காட்டுங்கள், மாற்றச் சம்மதிக்கிறேன் என்றேன். காட்டவில்லை. காரை ஜம்பர் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செக்காலைப் பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார். அவர் மகள் என்னிடம் படித்தவள். மறுநாள் அவரே பள்ளத்தூருக்கு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "டீச்சர், புதிதாக ஏதாவது மாட்டினீர்களா?" என்பதுதான்.

கேமராவைச் சொன்னேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, காரைப் பூட்டிய நிலையில் வைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைத்தார், 10 ஆம்பியர் அளவில். மீட்டர் இருக்கும்போது யாரும் சாவியைத் திருகக் கூடாது என்று எச்சரித்தார். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். காரில் உள்ள சிறு கணினிகள் எல்லாம் தூங்கப்போக அரை மணி நேரம் விடவேண்டும் என்றார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். 0.46 ஆம்பியர். தூங்கும் கார் குடிக்கக்கூடியது பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஏழாவது ஃபியூஸில் எண் சட்டென்று 0.03-க்கு இறங்கியது. அந்த ஃபியூஸின் காலில் தங்கள் ஊழியர் கேமரா வயரைச் சுற்றி, டேப் ஒட்டியிருந்தார். சாவி போட்டிருந்தாலும் எடுத்திருந்தாலும் எப்போதும் மின்சாரம் இருக்கும் லைன் அது. பேட்டரி இறங்கினால் கேமராவைத் தானாக நிறுத்தும் சிறு கருவி ஒன்று இடையில் வைக்க வேண்டுமாம். அது வைக்கப்படவே இல்லை.

கணக்கு எளிது. 0.46 ஆம்பியரை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 11 ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் கொள்ளளவு 35. தினமும் ஓட்டினால் டைனமோ அதை ஈடுகட்டிவிடும், நிறுத்தினால் மூன்று நாளில் காலி. ஓட்டிய வாரம் பிழைத்ததும் நிறுத்திய வாரம் செத்ததும் இதனால்தான். வயரை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனுக்கு மாற்றிவிட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஆறு வாரம் ஆகிறது. இடையில் பத்து நாள் தொடாமல் நிறுத்தியும் பார்த்தேன். ஒரே திருகில் எடுக்கிறது.

என் பக்கமும் தவறு உண்டு. மல்டிமீட்டர் என் கையில் இருந்தது. வோல்ட்டை அளந்தவளுக்கு ஆம்பியரையும் அளக்கத் தோன்றியிருக்க வேண்டும். கார் நிறுவனத்தார் கைவைத்த இடத்தில் கோளாறு இருக்காது என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

காரைக்குடிக்கு இது பெருமை சேர்ப்பதாக இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று காட்டப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். அதே ஊரில் ஒரு பெரிய பணிமனை, மீட்டரைத் தொடாமலே 16,050 ரூபாய்க்குப் பேட்டரியும் மோட்டாரும் மாற்றிவிட்டு, இன்னொரு 14,500-க்கும் தயாராக நின்றது.

நான் கேட்பது: செல்ஃப் மோட்டாருக்கும் அதன் கூலிக்கும் 10,650, கேமரா பொருத்துக்கூலி 700, எலக்ட்ரீசியனுக்குக் கொடுத்த 600, டாக்சிக்கு 3,800, ஆக 15,750 ரூபாய். பேட்டரி விஷயத்தில் நியாயமாகவே பேசுகிறேன். பழையதற்கு உண்மையிலேயே ஆயுள் முடிந்திருக்கலாம், அதைச் சோதித்துச் சொல்லும் வாய்ப்பைத் தாங்களே இல்லாமல் செய்துவிட்டீர்கள். ஆகவே அதன் முழு விலையைக் கேட்கவில்லை. பழைய பேட்டரிக்கு உரிய தொகையை மட்டும் கழித்துக்கொடுங்கள். ஆனால் புதிய பேட்டரி இரண்டு முறை அடிவரை இறங்கி ஏறியிருக்கிறது. ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்திருக்க இடமுண்டு. மூன்றாம் முறை இரண்டு இரவு தாங்காததே அதற்கு அடையாளம். அதைச் சோதித்து, தேறாவிட்டால் மாற்றித் தர வேண்டும். முடிவை எழுத்தில் தர வேண்டும். காரிலிருந்து கழற்றிய என் பழைய செல்ஃப் மோட்டாரையும் திருப்பித் தர வேண்டும். அது நல்ல மோட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. எனக்கு நேரமும் நிறைய இருக்கிறது. மூன்று பில்களின் நகலும், எலக்ட்ரீசியனின் ரசீதும், மீட்டரில் 0.46 தெரியும் புகைப்படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நேரில் வந்து பார்க்க ஆள் அனுப்புவதானால் அனுப்புங்கள். கேமரா வயரைச் சுற்றியிருந்த பழைய டேப்பை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர் மீட்டருடன் வரட்டும். வியாழக்கிழமைகளில் மட்டும் வேண்டாம். நாங்கள் மதுரைக்குப் போய்விடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்.