பீன்யா பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் லேத், சிஎன்சி, பவுடர் கோட்டிங் என்று சின்னதாகப் பட்டறை நடத்தும் நம் தமிழ்க்காரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதித் தருகிறவள் நான். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய மாதாமாதம் உங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்காருவதால், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் முன்பே சில விஷயங்கள் என் கண்ணில் பட்டுவிடுகின்றன. சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

முதலாளி ஓய்ந்துபோனால் பில் புத்தகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சமீபத்தில் ஒரு பட்டறையில் மேசை டிராயரைத் திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக டெலிவரி சலான்கள். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கிறது, பார்ட்டியின், அதாவது வாங்கும் கம்பெனியின், கேட் சீலும் இருக்கிறது. பில் மட்டும் போடவில்லை. அந்த அண்ணன் சோம்பேறி கிடையாது. ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து ஷட்டர் திறப்பவர். முன்பெல்லாம் ஒவ்வொரு லாட்டையும் மைக்ரோமீட்டர் வைத்துத் தானே அளந்து பார்த்தவர், இப்போது இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். கேட்டதற்கு, "பில் போட்டு என்னம்மா ஆகப்போகுது, எப்படியும் இழுத்தடிப்பாங்க" என்றார்.

இதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: உடம்பிலும் மனசிலும் தெம்பு வற்றிப்போவது, வேலையோடு ஒட்டுதல் விட்டுப்போய்க் கசப்பு வருவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது. அந்த டிராயரில் மூன்றும் இருந்தன. இதை நோய் என்று அந்த நிறுவனம் வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தின் ஓயாத அழுத்தத்தில் இருந்து வருவது என்றுதான் சொல்கிறது. அதனால்தான் நாலு நாள் திருப்பதி போய் வந்தாலும் இது சரியாவதில்லை. போன இடத்திலும் போன் அடிக்கிறது. திரும்பி வந்தால் அதே வேலை, அதே மாதிரி காத்திருக்கிறது.

தொழிலாளிக்குச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, ஒரு நாள் விடுமுறை என்கிறது. உங்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. நீங்களேதான் உங்களுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். பக்கத்து ஷெட்டில் துளை அளக்கும் பிளக் கேஜ் கேட்டு வாங்குகிறீர்கள். உங்கள் மெஷின் நின்றுபோனால் அவசர ஜாபை அவர் மெஷினில் ஓட்டுகிறீர்கள். பொருளைக் கைமாற்றும் நீங்கள், நேரத்தையும் கைமாற்றுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் வாரத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் தினமும் ஒரு மணி நேரம் உங்கள் ஷெட்டில் நின்று பார்க்கட்டும். அவர் போகும்போது நீங்கள். "என் பார்ட்டியும் ரேட்டும் தெரிந்துவிடுமே" என்று பயப்படுவீர்கள், நியாயமான பயம்தான். டிராயிங்கையும் ஜாப் கார்டையும் மட்டும் கொடுங்கள், பார்ட்டி பெயர் இல்லாமல். ரேட்டும் பில் புத்தகமும் என்னிடம் இருக்கட்டும். சீனியர் ஆபரேட்டருக்கும் ஒரு வரம்பு வையுங்கள்: இத்தனை ரூபாய்க்குள் இன்சர்ட், கூலன்ட் வாங்க உங்களுக்குப் போன் போடத் தேவையில்லை என்று. அந்த ஒன்றே பாதி அழைப்புகளைக் குறைக்கும்.

அப்புறம், பாக்கி. தூக்கம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள், வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரியிலும் பிடி இருக்கிறது: கெடு தாண்டினால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் அதை அவர்கள் செலவாகக் கழிக்க முடியும். தனியாகக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். ஒரே கம்பெனிக்கு வேலை செய்யும் நாலு பேர் ஒரே வாரத்தில், உத்யம் எண்ணை (சிறு தொழில் பதிவு எண்) போட்டுக் கடிதம் அனுப்பினால், உங்களில் ஒருவரை மட்டும் குறிவைப்பது கடினம். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

ஏற்கெனவே ஓய்ந்துபோனவர்கள் முதலில் ஒரு பார்ட்டியை விடுங்கள். எந்தப் பார்ட்டி என்று கணக்கே சொல்லும்: அதிக போன், அதிக ரிஜெக்ஷன், கடைசியில் மிஞ்சுவது குறைவு. பல வாரமாகத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. போக யோசனையாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அது டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம். அண்ணிமார்களும் கூப்பிடலாம். பள்ளிக் கட்டணம் கட்டியாச்சா என்று வீட்டில் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்கும் அண்ணிகளின் குரலிலும் அதே களைப்பு இருக்கிறது.

இந்த மாதம் 3பி தாக்கல் முடிந்ததும், நேரம் கைமாற்றச் சம்மதிப்பவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஷெட்டாகப் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பட்டியல் போட்டுத் தருகிறேன். பில் போடாத சலான் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், உட்கார்ந்து போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கைப் பார்க்கும் தங்கை