மொரெஸின் மறுபாதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் மார்க்கி தெ மொரெஸ் என்ற பிரெஞ்சுப் பிரபுவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சுக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர், அதை உதறிவிட்டு அமெரிக்காவின் டகோட்டாவில் மாட்டுப் பண்ணை போட்ட கதை விறுவிறுப்பாகத்தான் இருந்தது. 1883-ல் அங்கே ஓர் ஊரையே உண்டாக்கி, மனைவி மெடோராவின் பெயரை வைத்தார். உயிரோடு சிகாகோவுக்கு ரயிலேற்றினால் மாடு வழியிலேயே இளைத்துவிடும். மேய்ந்த இடத்திலேயே அறுத்து, ஐஸ் வைத்த ரயில்பெட்டியில் கறியை மட்டும் அனுப்பினால் லாபம் என்று கணக்குப் போட்டார். நல்ல கணக்குதான். ஆனால் சிகாகோ கறி முதலாளிகளோடு மோதி நிற்க முடியவில்லை. 1886-ல் கறி ஆலையை மூடினார்.

கட்டுரை அதோடு நின்றுவிட்டது. என் வருத்தமே அதுதான்.

ஊர்ப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் அவர் வேலி போட்டதால் வேட்டைக்காரர்களோடு பகை மூண்டது. 1883 ஜூனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ரைலி லஃப்சி என்ற இளைஞன் செத்தான். கொலை வழக்கில் மொரெஸ் விடுதலையானார். அப்புறம் பாரிஸ் திரும்பியவர் யூத வெறுப்பு அரசியலில் இறங்கினார். யூதர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் அதிகாரிகளாக இருக்கலாமா என்று ஒரு பத்திரிகை கிளப்பிய சண்டையின் தொடர்ச்சியாக, 1892 ஜூன் 23 அன்று ஆர்மான் மாயெர் என்ற யூதக் கேப்டனை வாள் சண்டையில் குத்திக் கொன்றார். மாயெர் பொறியாளர் படையைச் சேர்ந்தவர், எகோல் பாலிடெக்னிக் என்ற பிரான்சின் பெயர்பெற்ற பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவருடைய இறுதி ஊர்வலத்தில் பாரிஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். இந்த வழக்கிலும் மொரெஸுக்கு விடுதலைதான். 1896-ல் சஹாராப் பக்கம் போனவர் அங்கேயே கொல்லப்பட்டார்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், தமிழ் வம்சாவளியினரான எங்களை மல்பார் என்பார்கள். என் கணவரின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவருடைய பதிவுத்தாளைப் பார்த்திருக்கிறேன். எண்ணை அழகாக எழுதியவர்கள், பெயரை வாயில் வந்தபடி கிறுக்கியிருக்கிறார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் பிரான்சில் படிக்கும் என் மகளிடம், “நீ உண்மையில் எந்த நாடு?” என்று கேட்கிறார்கள். பிரெஞ்சுச் சீருடை போட்டிருந்த மாயெரிடம் கேட்டதும் இதே கேள்விதான். அதனால்தான் மொரெஸை வெறும் சாகசக்காரராகப் படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் உங்கள் மலரைத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அடுத்த வாரம் நாலு வரி போட்டாலும் போதும். அதில் லஃப்சியின் பெயரும் மாயெரின் பெயரும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சேன்தாந்த்ரே, ரீயூனியன்